வாடகை நிலுவையும் வெளியேறும் அறிவித்தலும்
இரு தரப்பாரும் அறிந்திருக்க வேண்டியவை

இடம்பெயர்ந்து வாழும் எமது கமக்காரக் குடும்பங்களிற் பல இரண்டு நிலைகளில் நிற்கின்றன. ஒரு பக்கத்தில் பிறருடைய வீட்டிலோ வளவிலோ வாடகைக்கு இருக்கின்றன. மறு பக்கத்தில், ஊரில் விட்டுவந்த சொந்த வீட்டையோ வயலையோ இன்னொரு குடும்பத்துக்குக் கொடுத்திருக்கின்றன. எனவே "வீட்டுக்காரர்", "குடியிருப்பவர்" என்ற இரு சொற்களும் ஒரே குடும்பத்துக்குப் பொருந்துவதை நாம் அடிக்கடி காண்கின்றோம்.

கூலி வேலை நின்றால் வாடகையும் நின்றுவிடும். இரண்டு மூன்று மாதம் கடந்ததும் வீட்டுக்காரர் பொறுமை இழப்பார். "நாளைக்கே எழும்பு" என்ற சொல் வரும். கிணற்றுக்குப் பூட்டு விழும். சில இடங்களிற் கூரைத் தகரமே கழற்றப்படும். வீட்டுக்காரருக்கு வாடகை கேட்கும் உரிமை உண்டு. வீட்டைத் திருப்பிக் கேட்கும் உரிமையும் உண்டு. ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கின்றது. அம்முறையை இங்கே படிப்படியாகப் பார்ப்போம்.

வாய்ப்பேச்சா, கடிதமா, உறுதியா?

முதலில் உங்களுக்கிடையில் உள்ள உடன்பாடு எப்படிப்பட்டது என்று பாருங்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் உறுதியாக எழுதப்பட வேண்டும். அப்படி எழுதப்படாவிட்டால், "மூன்று வருடத்துக்குத் தந்தேன்" என்று கொப்பி ஒற்றையில் எழுதிக் கையொப்பமிட்டாலும் அது மூன்று வருடக் குத்தகை ஆகாது. மாதாமாதம் வாடகை கொடுத்து வாங்கி வந்தால், அது மாதாந்த வாடகை என்றே கொள்ளப்படும்.

எமது மக்களுள் பெரும்பாலானோர் வாய்ப்பேச்சில் இருப்பவர்கள். எனவே இக்கட்டுரையில் நாம் பெரும்பாலும் மாதாந்த வாடகையைப் பற்றியே பேசுகின்றோம். நொத்தாரிசு உறுதி உள்ளவர்கள் அந்த உறுதியை ஒரு தடவை முழுவதும் வாசிப்பிக்க வேண்டும். வாடகை தவறினால் என்ன நடக்கும், எத்தனை நாள் அறிவித்தல் வேண்டும் என்பன அதிலேயே எழுதப்பட்டிருக்கும்.

நாட்கணக்கு

மாதாந்த வாடகையை முடிவுக்குக் கொண்டுவர, பொதுச் சட்டப்படி ஒரு முழு மாத அறிவித்தல் வேண்டும். "முழு மாதம்" என்பதிலேதான் பலர் பிழை விடுகின்றனர். அது முப்பது நாளை எண்ணிக் கொடுப்பதன்று. வாடகை மாதத்தின் முதல் நாள் தொடங்கி, கடைசி நாளில் முடியும் ஒரு மாதமாக இருக்க வேண்டும்.

ஓர் உதாரணம். ஒரு குடும்பம் ஒவ்வொரு மாதமும் 1ஆம் திகதி வாடகை கொடுத்து வருகின்றது. மார்ச் 10ஆம் திகதி அறிவித்தல் கையிற் கிடைக்கின்றது. "ஏப்ரல் 10ஆம் திகதி வீட்டை விட்டு விலக வேண்டும்" என்று அதில் எழுதியிருந்தால் அது சரியான அறிவித்தல் அன்று. ஏப்ரல் மாதம் முழுவதும் விட்டு, "ஏப்ரல் 30ஆம் திகதி" என்று எழுதியிருக்க வேண்டும். ஏப்ரல் 2ஆம் திகதி கிடைத்திருந்தால் மே 31ஆம் திகதி வரை பொறுக்க வேண்டும். இக்கணக்குப் பிழைத்தால், வழக்கு வைத்த வீட்டுக்காரர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரிடலாம். அறிவித்தல் எழுதிய நாளை விட, அது குடியிருப்பவரின் கையிற் சேர்ந்த நாளே இங்கு முக்கியம்.

வாடகைச் சட்டம் தந்த பாதுகாப்பு

1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம், அதற்கு உட்பட்ட வீடுகளில் இருப்போருக்கு இதை விடக் கூடிய பாதுகாப்பை வழங்கியது. வாடகை பாக்கி என்ற காரணத்துக்காக வழக்கு வைக்க விரும்பும் வீட்டுக்காரர், முதற்தடவை பாக்கி ஏற்பட்டால் மூன்று மாதமும், இரண்டாம் தடவை இரண்டு மாதமும், மூன்றாம் தடவை ஒரு மாதமும் அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்று அது விதித்தது. மேலே கூறிய உதாரணத்தில் இது முதற்தடவையாக இருந்தால், மார்ச் 10இல் கிடைக்கும் அறிவித்தல் ஜூன் 30ஆம் திகதியையே குறிப்பிட வேண்டும்.

அதைவிடப் பெரிய பாதுகாப்பு ஒன்றும் அதில் இருந்தது. அறிவித்தலிற் குறித்த திகதிக்கு முன்னர் நிலுவை முழுவதையும் வீட்டுக்காரரிடம் கொண்டுபோய் நீட்டினால், அந்தப் பாக்கியைக் காரணங்காட்டி அவர் வழக்கு வைக்க முடியாது.

ஆனால் எல்லா வீடுகளும் இச்சட்டத்துக்குள் வரவில்லை. 1980 ஜனவரி 1ஆம் திகதிக்குப் பின் கட்டி வாடகைக்குக் கொடுக்கப்பட்ட வீடுகள் 1980ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் விலக்கப்பட்டன. போருக்குப் பின் கட்டிய கல்வீடு ஒன்றில் இருப்பவர், "எனக்கு மூன்று மாதம் உண்டு" என்று நம்பிக்கொண்டு இருந்துவிடக் கூடாது. வீடு எப்போது கட்டப்பட்டது என்பதை முதலிற் கேட்டறியுங்கள். சட்டம் காலத்துக்குக் காலம் திருத்தப்படுவதால், அறிவித்தல் கிடைத்த கிழமையிலேயே ஒரு சட்டத்தரணியிடம் காட்டுவது நல்லது.

அறிவித்தல் கொடுப்பவருக்கு

ஊரில் உள்ள உங்கள் வீட்டை இன்னொருவருக்கு வாடகைக்குக் கொடுத்திருக்கின்றீர்களா? அவர் வாடகை தரவில்லையா? வாயாற் சொல்வதோடு நில்லாமல் எழுத்திற் கொடுங்கள். சட்டத்தரணி மூலம் அனுப்புவது சிறந்தது. கடிதம் பின்வருமாறு அமையலாம்:

"................. கிராமத்தில் உள்ள எனது வீட்டில் தாங்கள் மாதம் ரூபா ......... வாடகைக்கு இருந்து வருகின்றீர்கள். ......... மாதம் தொடக்கம் ......... மாதம் வரையான வாடகை, மொத்தம் ரூபா ........., இன்னும் செலுத்தப்படவில்லை. ஆகவே தங்களது வாடகை உரிமையை ......... மாதம் ......ஆம் திகதியுடன் முடிவுறுத்துகின்றேன். அன்றோ அதற்கு முன்னரோ வீட்டின் வெற்றுடைமையை என்னிடம் ஒப்படைக்குமாறும், நிலுவையைச் செலுத்துமாறும் இத்தால் அறிவிக்கின்றேன்."

திகதியும் கையொப்பமும் இட்டு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கடிதத்தின் பிரதியையும் தபாற் பற்றுச்சீட்டையும் ஒன்றாகக் குத்தி வையுங்கள். நேரிற் கொடுத்தால் பிரதியிற் கையொப்பம் வாங்குங்கள்.

அறிவித்தற் காலம் முடிந்த பின்னர் வாடகை வாங்குவதிற் கவனம் தேவை. பழையபடி "வாடகை" என்று எழுதிப் பணத்தை வாங்கினால், அறிவித்தலைக் கைவிட்டுவிட்டீர்கள் என்று மறுதரப்பு வாதாட இடமுண்டு.

அறிவித்தல் கிடைத்தவருக்கு

முதலாவது, கடிதத்தை வாங்க மறுக்காதீர்கள். வாங்காமல் விட்டால் அறிவித்தல் இல்லாமற் போவதில்லை. அதில் என்ன இருக்கின்றது என்பது உங்களுக்குத் தெரியாமற் போகும், அவ்வளவுதான். கிடைத்த திகதியை உறையின் மேல் எழுதி வையுங்கள்.

இரண்டாவது, பற்றுச்சீட்டுகளைத் தேடி எடுங்கள். வாடகை கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் பற்றுச்சீட்டுக் கேட்க வேண்டும். "அவர் எங்கடை ஆள், எப்படிக் கேட்கிறது?" என்று எம்மிடம் சொல்வார்கள். அப்படியானால் ஒரு கொப்பியில் திகதி, தொகை எழுதி அவரிடம் ஒரு கையொப்பம் வாங்குங்கள். உறவு கெடாது, நாளைக்கு உறவு கெடாமற் காப்பதும் அந்தக் கொப்பிதான்.

மூன்றாவது, முற்பணம் கொடுத்திருந்தால் அதையும் கணக்கிற் சேருங்கள். அது வாடகையிற் கழியுமா, வெளியேறும்போது திரும்புமா என்ற பேச்சு எப்படி இருந்தது என்பதை எழுதி வையுங்கள்.

நான்காவது, பணம் இருந்தும் வீட்டுக்காரர் வாங்க மறுத்தால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். காசுக்கட்டளை எடுத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காமல் வையுங்கள். நீங்கள் கொடுக்க முன்வந்தீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி. வாடகைச் சட்டத்துக்கு உட்பட்ட வீடாயின், உள்ளூராட்சி மன்றத்தின் அதிகாரம் பெற்றவரிடம் வாடகையைக் கட்டவும் அச்சட்டம் வழி வைத்தது.

ஐந்தாவது, ஷெல்லடியோ வெள்ளமோ காரணமாக வீட்டிற் குடியிருக்கவே முடியாமற் போன மாதங்கள் உண்டா? எமது நாட்டின் பொதுச் சட்டமான ரோமன்-டச்சுச் சட்டம், மனித சக்திக்கு மேற்பட்ட காரணத்தால் குடியிருப்பவர் பயனை இழந்த காலத்துக்கு வாடகைக் குறைப்புக் கேட்க இடமளிக்கின்றது. குத்தகைக் காணியில் அப்படியான அழிவால் விளைச்சல் போனவருக்கும் இது பொருந்தலாம். இது தானாகக் கிடைப்பதன்று. காரணத்தைக் காட்டிக் கேட்க வேண்டும். கிராம அலுவலரின் பதிவுகளும் இடம்பெயர்ந்தோர் அட்டையும் இங்கே உதவும்.

வயற்காணி வேறு

நெற்காணிக்கு மேற்கூறிய மாதக்கணக்குப் பொருந்தாது. 1958ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நெற்காணிச் சட்டம் தொடக்கம், 1979ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கக் கமநல சேவைகள் சட்டம், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் வரை, பிறருடைய வயலைத் தாமே செய்யும் குத்தகைக் கமக்காரருக்குத் தனிப் பாதுகாப்பு வழங்கப்பட்டு வந்துள்ளது. குத்தகை நெல் பாக்கி என்பதற்காகக் காணிக்காரர் ஒரு கடிதம் எழுதி, அடுத்த போகத்துக்கு வேறு ஆளை இறக்கிவிட முடியாது. கமநல சேவை நிலையத்தில் எழுத்தில் முறையிட வேண்டும். விசாரணை நடக்க வேண்டும்.

ஆகவே வயல் செய்பவர் தமது பெயர் கமநல சேவை நிலையத்தின் விவசாயக் காணி இடாப்பில் இருக்கின்றதா என்று பார்க்க வேண்டும். அளந்து கொடுத்த நெல்லுக்கும் பற்றுச்சீட்டு வேண்டும். காணிக்காரர் வெளியூரில் இருந்தால், யாரிடம் கொடுப்பது என்பதை அவரிடமிருந்தே எழுத்தில் வாங்க வேண்டும்.

பலவந்தம் சட்டமாகாது

அறிவித்தற் காலம் முடிந்தும் குடும்பம் வெளியேறாவிட்டால் வீட்டுக்காரர் என்ன செய்யலாம்? வழக்கு வைக்கலாம். நீதிமன்றக் கட்டளை பெற்று, பிஸ்கால் மூலம் உடைமை எடுக்கலாம். குத்தகைக்குக் கொடுத்த வீட்டைச் சுருக்கமான முறையில் மீட்க 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது; அதுவும் நீதிமன்ற வழிதான். கதவைக் கழற்றுவதும், சாமான்களை வெளியே போடுவதும், கிணற்றைப் பூட்டுவதும் எந்தச் சட்டத்திலும் இல்லை.

அப்படி நடந்தால் உடனே பொலிஸில் முறைப்பாடு செய்து அதன் இலக்கத்தை வாங்குங்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்படி, சமாதானக் குலைவு ஏற்படக்கூடிய காணிப் பிணக்கை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரலாம். அதற்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவருக்கு உடைமையைத் திருப்பிக் கொடுக்கக் கட்டளையிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இரண்டு மாதம் என்பதை மறவாதீர்கள். உறவினர் வீட்டுத் திண்ணையில் இருந்து யோசித்துக்கொண்டே அந்தக் காலத்தைக் கடத்திவிட்டவர்கள் பலர்.

நீதிமன்றத்துக்கு முன்னர்

1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபைகள் இத்தகைய பிணக்குகளுக்கு ஏற்ற இடம். அங்கே சட்டத்தரணி தேவையில்லை. பாக்கியைத் தவணையாகக் கட்டுவது, பிள்ளைகளின் பரீட்சை முடியும் வரை இருப்பது, அறுவடை முடிய விலகுவது போன்ற இணக்கங்களை அங்கே எழுத்தில் செய்துகொள்ளலாம். வழக்குக்குப் போக வசதியில்லாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை நாடலாம்.

வாடகை தவறப்போகின்றது என்று தெரிந்த நாளிலேயே வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்லுங்கள். அந்த வீட்டு வாடகையை நம்பி அடுப்பு மூட்டும் விதவைத் தாயாகவும் அவர் இருக்கக்கூடும். பாக்கி எவ்வளவு, எப்போது தருவீர்கள் என்று இருவரும் ஒரு தாளில் எழுதி, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டு, அறிவித்தற் கடிதம், தபாற் சீட்டு, கிராம அலுவலரின் கடிதம் ஆகியவற்றை ஒரு பொலித்தீன் பையிற் போட்டு, அடையாள அட்டையும் பிறப்புச் சாட்சிப் பத்திரமும் இருக்கும் இடத்தில் வையுங்கள். இன்னொரு தடவை அவசரமாக எழும்ப நேர்ந்தாலும் முதலிற் கையில் எடுக்க வேண்டியது அந்தப் பை.