புழு இல்லாத தூண்டில்

தூண்டில் என்றால் ஒரு முள், முள்ளில் நெளியும் ஒரு புழு. அப்படித்தானே, நேயர்களே? அந்தப் புழுவே இல்லாமல், வெறும் இறகைக் காட்டி மீனை ஏமாற்ற முடியுமா?

ஜப்பானின் மலைக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்கிறார்கள். பெயர் டென்காரா. நீளமான ஒரு கம்பு, அந்தக் காலத்தில் மூங்கில். அதன் நுனியிலேயே கட்டிய தூண்டில் நூல். நூலைச் சுற்றி இழுக்கும் சக்கரமெல்லாம் கிடையாது. முள்ளின் மேல், பறவை இறகை இழையால் சுற்றிக் கட்டிய ஒரு பொய்ப்பூச்சி, அவ்வளவுதான்.

சூட்சுமம் அந்த இறகில் இருக்கிறது. மேல்நாட்டுப் பொய்ப்பூச்சிகளில் இறகு பெரும்பாலும் பின்பக்கம் சாய்ந்திருக்கும். டென்காராக்காரர்கள் பலர் அதை முன்பக்கம் விரியும்படி கட்டுவார்கள். கம்பை லேசாகச் சுண்டினால் போதும், தண்ணீருக்குள் இறகு மடங்கும், விரியும். உயிருள்ள பூச்சி துடிக்கிற மாதிரியே தெரியும்.

ட்ரவுட் மீனுக்கு நெருங்கிய சொந்தமான இவானா மீன் அங்கே மலை ஓடையில் பாறை மறைவில் காத்திருக்கும். ஓடையோ வேகமாக ஓடுகிறது. யோசித்துக்கொண்டிருந்தால் இரை போய்விடும். பாய்ந்து கவ்விவிடும், பாவம்!

இதில் தேர்ந்த சிலர், எந்த ஓடைக்குப் போனாலும் ஒரே மாதிரிப் பொய்ப்பூச்சியைத்தான் கட்டுவார்களாம். பெட்டி நிறைய ரகரகமாகப் பூச்சி சேர்த்து வைத்திருக்கும் மேல்நாட்டுத் தூண்டில்காரர்கள் இதைக் கேட்டால் கொஞ்சம் எரிச்சல்படத்தான் செய்வார்கள்!