கிரீன் கார்டும் வைப்புத்தொகையும்

ஓய்வுக்குப் பின் பிள்ளைகளுடன் வாழ அமெரிக்கா செல்லும் பெற்றோர் விசாவைப் பற்றி விரிவாக விசாரிக்கின்றனர். வரியைப் பற்றிக் கேட்பவர் குறைவு என்பதை எங்கள் கிளைகளில் காண்கிறோம். பார்வையாளர் விசாவில் ஆறு மாதத்துக்குள் திரும்புவோர்க்குப் பொதுவாக எதுவும் மாறுவதில்லை. கிரீன் கார்டு பெற்றுக் குடியேறுவோரோ தம் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியாக வேண்டும். அதன்பின் வட்டியில் 30 விழுக்காடு வரியும் செஸ்ஸும் பிடிக்கப்படும். வரிப் பிடித்தம் வேண்டாமென மூத்த குடிமக்கள் தரும் படிவம் செல்லாது. அமெரிக்க வரி வசிப்பிடச் சான்றிதழை உரிய படிவத்துடன் அளித்தால், இருநாட்டு ஒப்பந்தப்படி 15 விழுக்காடு போதும்.

பலர் அறியாதது ஒன்றுண்டு. இங்கு ஈட்டும் வட்டியை அங்கும் வருமானமாகக் காட்ட வேண்டும். அமெரிக்காவுக்கு வெளியே உள்ள கணக்குகளின் மொத்த இருப்பு, கூட்டுக் கணக்கு உட்பட, ஆண்டில் ஒருமுறையேனும் 10,000 டாலரைத் தாண்டினால் அந்நாட்டுக் கருவூலத் துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். தவறினால் அபராதம் கடுமையானது.