புகைபோக்கியின் இழுப்பும் சங்கத்தின் சிக்கனமும்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைப் பரிசீலனை செய்யச் சென்றிருந்தபோது, நிர்வாகக் குழுவின் தீர்மானம் ஒன்று நமது கவனத்தை ஈர்த்தது. சாயச்சாலை அடுப்பு சரிவர எரியாமையால், மின்விசையால் இயங்கும் காற்றூதி ஒன்றை வாங்குவது என்பதே அத்தீர்மானம். நிலக்கரிக் கணக்கைப் புரட்டிப் பார்த்தோம். சாயமேற்றிய நூலின் அளவு ஏறக்குறைய முன்போலவே இருக்க, நிலக்கரிச் செலவு மட்டும் மாதத்திற்கு மாதம் ஏறிக்கொண்டே வந்திருந்தது. கணக்கில் பிழையில்லை. ஆகவே, பிழை அடுப்பில்தான் இருக்கவேண்டும் என்று கருதிச் சாயச்சாலையை நேரில் பார்க்கச் சென்றோம்.

சங்கத்தின் பழைய லாரிக் கொட்டகையே சாயச்சாலையாக மாற்றப்பட்டிருந்தது. ஒரு மூலையில் பழைய நிலக்கரி அடுப்பு. அதன்மேல் தாமிரக் கொப்பரை. அடுப்பின் பின்புறமிருந்து கிளம்பிய இரும்புக் குழாய் சுவரோரமாகச் சென்று, கூரையைத் துளைத்து வெளியேறிற்று. உள்ளே நின்றால் கண் எரிந்தது. சாயமேஸ்திரியை விசாரித்தோம்.

"மழைநாளில் சாரலுக்குக் கதவை மூடிவிடுவோம், ஐயா. அப்போது எல்லோருக்கும் தலை கனக்கும். போன மாதம் ஒரு பையன் அடுப்பெதிரிலேயே மயங்கி விழுந்துவிட்டான். வெளியே தூக்கிச் சென்றதும் தெளிந்தான். பசி மயக்கம் என்று நினைத்தோம்" என்றார் அவர்.

அது பசி மயக்கமாகத் தோன்றவில்லை. கணக்குப் புத்தகத்தில் பண நஷ்டமாகத் தெரிந்த அதே கோளாறு, சாயச்சாலையில் உயிருக்கே அபாயமாக நின்றது. இதுபோன்ற அடுப்புகள் வேறு சங்கங்களிலும் உண்டு. ஆதலின், புகைபோக்கியின் தன்மையையும் அதனைச் சீர்செய்யும் முறையையும் அங்கத்தினர்கள் யாவரும் அறிந்திருத்தல் நலம்.

இழுப்பு என்பது யாது?

புகைபோக்கி என்பது புகை போகும் வழி மாத்திரமன்று. அடுப்பிற்குக் காற்றை இழுத்துத் தரும் இயந்திரமும் அதுவே. சூடேறிய காற்று விரிந்து இலேசாகிறது. 30 டிகிரி வெப்பமுள்ள வெளிக்காற்று ஒரு கனமீட்டருக்குச் சுமார் 1.16 கிலோ எடையுள்ளது. 200 டிகிரி வெப்பமுள்ள புகையோ சுமார் 0.75 கிலோ எடையே உள்ளது. கனமான வெளிக்காற்று அடுப்பின் வாயில் வழியாக உட்புகுந்து, இலேசான புகையை மேலே தள்ளுகிறது. இதனையே நாம் இழுப்பு என்கிறோம்.

இந்த விசை மிகச் சிறியது. 20 அடி உயரமுள்ள குழாயில், புகை 200 டிகிரி வெப்பத்தில் இருக்குமாயின், உண்டாகும் இழுப்பு நீரை 2.5 மில்லிமீட்டர் அளவே உயர்த்த வல்லது. புகையின் வெப்பம் 100 டிகிரியாகக் குறைந்தால் இழுப்பு சுமார் 1.3 மில்லிமீட்டராகிவிடும். அதாவது, புகை குளிர்ந்துவிட்டால், 20 அடிக் குழாயைப் பாதியாக வெட்டி எறிந்ததற்கு ஒப்பாகும். ஆகவே, இழுப்பு குறைந்தவுடன் குழாயை உயர்த்த நினைப்பதற்கு முன், புகை எங்கே குளிர்கிறது என்று தேடுவதே முறை.

குறைகளைக் கண்டறிதல்

இதற்கு ஓர் ஊதுவத்தி போதும். அடுப்பு நன்கு எரியும்போது, ஊதுவத்தியை ஒவ்வொரு மூட்டின் அருகிலும் பிடித்துப் பார்க்கவேண்டும். அதன் புகை குழாயினுள் இழுக்கப்படுமாயின், அங்கே ஓட்டை உள்ளது என்பது வெளிப்படை. அவ்வோட்டை வழியே புகும் குளிர்ந்த காற்று புகையைக் குளிரச் செய்கிறது. அன்றியும், நிலக்கரியினூடே செல்லவேண்டிய இழுப்பைத் தான் வாங்கிக்கொள்கிறது.

மேற்படி சாயச்சாலையில் இவ்வாறு சோதித்ததில், குழாயின் அடியில் கரி வாரும் கதவு கீலற்றுத் தொங்குவது தெரிந்தது. கொப்பரைக்கும் அடுப்புச் சுவருக்கும் இடையே விரல் நுழையும் வெடிப்பு இருந்தது. குழாய் வளைவைக் கழற்றியபோது பாதிக்குமேல் புகைக்கரி அடைத்திருந்தது. இம்மூன்றிற்கும் வேண்டியவை சிறிது தீக்களிமண், ஒரு கீல், அரைநாள் உழைப்பு ஆகியவையே.

படுக்கையாகச் செல்லும் குழாய் கூடியவரை குட்டையாக இருத்தல் வேண்டும். அடிக்குக் கால் அங்குலமேனும் மேல்நோக்கி ஏறவேண்டும். வளைவுகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நன்று. மழைத் தொப்பி குழாயின் வாயை நெருக்கிப் பிடித்தலாகாது. கூரைக்கு வெளியே நிற்கும் குழாய் காற்றிலும் மழையிலும் விரைவில் குளிரும். அதைச் சுற்றி மற்றொரு தகட்டுக் குழாயைப் பொருத்தி, இடையில் தீப்பற்றாத வெப்பத்தடைப் பொருளை இட்டால் சூடு காக்கப்படும்.

இவை யாவும் செம்மையாக இருந்தும் காற்றடிக்கும் நாளில் புகை திரும்புமாயின், அப்போதுதான் உயரத்தை நோக்கவேண்டும். குழாய் கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 3 அடியேனும், சுற்றிலும் 10 அடிக்குள் உள்ள எப்பகுதியையும் விட 2 அடியேனும் உயர்ந்திருக்க வேண்டும் என்பது பொதுவிதி. இச்சங்கத்தில், பிற்காலத்தில் கட்டிய நூல் கிடங்கின் சுவர் குழாயைவிட உயர்ந்து நின்றது. சுவரைத் தாண்டி வரும் காற்று கீழ்நோக்கிச் சுழன்று, புகையைக் குழாயினுள்ளேயே தள்ளியது. ஆகவே, இங்குக் குழாயை உயர்த்துவதும் அவசியமாயிற்று.

காற்று வரும் வழி

புகை வெளியேற வேண்டுமாயின், அதற்கீடான காற்று உள்ளே வரவேண்டும். பெஞ்சமின் பிராங்க்ளின் 1785-ஆம் ஆண்டில் புகையும் அடுப்புகளைப் பற்றி எழுதியபோது, முதற் காரணமாகக் கூறியது அறைக்குள் காற்று வரவில்லை என்பதையே. கதவை மூடிய லாரிக் கொட்டகைக்கும் இது பொருந்தும். கதவு மூடியிருந்தாலும் காற்று வரும்படி, அடுப்பிற்கருகே சுவரின் அடியில் கம்பிவலையிட்ட நிலையான திறப்பு ஒன்று இருத்தல் வேண்டும். அதைச் சாக்கினால் அடைக்க ஒருவரையும் அனுமதித்தலாகாது. சாம்பல் குழியையும் நாள்தோறும் வாரவேண்டும். சாம்பல் நிரம்பினால் இரும்புக் கிராதியின் அடியில் காற்றுப் புகாது; கிராதியும் உருகி வளையும்.

காலையில் அடுப்பு மூட்டும்போது குழாய் குளிர்ந்திருக்கும். கரி வாரும் கதவைத் திறந்து, காய்ந்த தென்னோலைக் கீற்று ஒன்றைக் கொளுத்திக் குழாயின் அடியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினால், குழாய் சூடேறி இழுப்பு தொடங்கும். பிறகு நிலக்கரியை மூட்டினால் புகை திரும்பாது.

காற்றூதி ஏன் தீர்வன்று?

அடைபட்ட குழாயும் வெடித்த சுவரும் உள்ள அடுப்பில் காற்றூதியைப் பொருத்தினால், அடுப்பினுள் அழுத்தம் மிகும். தீ கொழுந்துவிடும் என்பது மெய். ஆயின், முன்பு வெடிப்புகளின் வழியே காற்று உள்ளே சென்றதுபோய், இனி அடுப்பின் வாயு அவற்றின் வழியே அறைக்குள் வரும். சங்கத்தின் பணத்தைக் கொண்டு தொழிலாளியின் மூச்சில் நஞ்சைக் கலந்ததாக முடியும்.

அந்நஞ்சு கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு. நிலக்கரி போதிய காற்றின்றி எரியும்போது இது உண்டாகிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயுவைவிட 200 மடங்கிற்கும் மேலான பிடிப்புடன் இது ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, கிறக்கம், குமட்டல், மயக்கம் என்ற வரிசையில் இதன் வேலை நடைபெறும். கண்ணுக்குப் புகை தெரியாத தணல் நேரத்திலும் இது வெளிவரும் என்பதை நன்கு நினைவிற் கொள்ளவேண்டும். அடுப்பில் தணல் உள்ளவரை குழாயின் அடைப்புத் தகட்டை முழுவதும் மூடலாகாது. அத்தகட்டில் ஒரு துளை இருத்தல் நன்று. அடுப்பு உள்ள கொட்டகையில் எவரும் உறங்கலாகாது. எவரேனும் தலை கனக்கிறது என்றால், உடனே அனைவரும் வெளியேறவேண்டும். மயங்கியவரை மருத்துவரிடம் சேர்க்கவேண்டும். இவ்வாயுவை அறிந்து ஒலியெழுப்பும் சிறு கருவிகள் இந்நாளில் கிடைக்கின்றன. சாயச்சாலைக்கு ஒன்று வாங்குவது வீண்செலவன்று.

வெல்லம் காய்ச்சும் விவசாய அங்கத்தினர்களுக்கும் ஒரு சொல். கரும்புச் சக்கையின் ஈரம் ஆவியாவதற்கே வெப்பத்தில் ஒரு பகுதி செலவாகும். ஈரச்சக்கை இட்டால் புகை குளிரும், இழுப்பும் குறையும். நன்கு உலர்த்திய சக்கையே அடுப்பிற்கும் ஆதாயம்.

மேற்படி சங்கத்தில் நிர்வாகக் குழுவினர் காற்றூதித் தீர்மானத்தை ஒத்திவைத்து, முதலில் பழுதுகளைச் சரிசெய்தனர்; பின்னர்க் குழாயையும் உயர்த்தினர். அடுத்த முறை நாம் சென்றபோது மழைநாள். கொட்டகைக் கதவு சாத்தியிருந்தது, சுவரின் அடித்திறப்பு திறந்திருந்தது, கண் எரியவில்லை. நிலக்கரிக் கணக்கும் இறங்குமுகமாக இருந்தது. மயங்கி விழுந்த அந்தப் பையன் கொப்பரையினருகே நின்று நூற்சிட்டங்களைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

சங்கங்கள் செய்யவேண்டியது ஒன்றே. கொள்முதல் பதிவேட்டைப் போலவே புகைபோக்கிக்கும் ஒரு பதிவேடு வைத்து, மாதம் ஒருமுறை கரி வாரிய தேதியையும், ஊதுவத்தி கொண்டு சோதித்த தேதியையும் எழுதி, மேஸ்திரியும் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவரும் கையொப்பமிட வேண்டும். அடுத்த பரிசீலனையின்போது ரொக்கப் புத்தகத்துடன் அப்பதிவேட்டையும் நாம் கேட்டுப் பார்ப்போம்.