ஏழு பெண்களும் எண்பது ரூபாயும்

உலகமயமாகிவரும் சந்தையில், சிறுதொழில் செய்யும் பெண்களுக்குக் கடன் கிடைத்தாலே போதும் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் கடனைவிட முக்கியமானது தொழிலில் உரிமை.

1959ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள், மும்பையின் கிர்காவ் பகுதியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, மொட்டை மாடியில் அப்பளம் இட்டார்கள். முதல் நாள் நான்கு கட்டுகள்தாம். அதுவே 'லிஜ்ஜத்' அப்பளமாக வளர்ந்தது. இன்று 40,000க்கும் மேற்பட்ட பெண்கள் அதில் உறுப்பினர்கள். அப்பளம் அமெரிக்கா, பிரிட்டன் வரை செல்கிறது.

காலையில் கிளைக்கு வந்து, பிசைந்த உளுந்து மாவை வாங்கிச் செல்கிறார்கள். வீட்டில் இட்டு உலர்த்தி, மறுநாள் கொடுத்துப் பணம் பெறுகிறார்கள். மாவு கிளையிலேயே பிசையப்படுவதால் தரம் குறைவதில்லை. ஒவ்வொருவரும் பங்குதாரர் என்பதால் இலாபமும் நட்டமும் எல்லாருக்கும் பொது.

வீட்டிலிருந்தே பீடி சுற்றும், ஊதுபத்தி உருட்டும் பெண்களும் இதே போல்தான் உழைக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு எண்ணிக்கைக்கு ஏற்ற கூலி மட்டுமே. சந்தை விரிந்தாலும் இலாபம் வேறிடம் போகிறது.

நம் பங்கிலுள்ள மகளிர் சுயஉதவிக் குழுக்களின் ஊறுகாயையும் மெழுகுதிரியையும் விரும்பி வாங்குவோம். அதோடு, இலாபம் உழைத்தவர் கைக்கே சேருகிறதா என்றும் கேட்போம்.