பெற்றோரும் வகுப்பறையும்

1958-ஆம் ஆண்டில், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடிற்று. கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு வளர்த்த அவ்வியக்கத்தில், ஊர்மக்கள் தம் பள்ளிகளுக்கு வேண்டிய பொருள்களை உவந்தளித்தனர். பொருளேயன்றிப் பெற்றோரிடம் தொழிலறிவும் உண்டு. அதனை வகுப்பறை பெறுவது எவ்வாறு?

மாமல்லபுரத்துச் சிற்பி ஒருவரை வகுப்பிற்கு அழைத்து, "கணக்குச் சொல்லிக்கொடுங்கள்" என்றால் திகைப்பார். உளி பிடிக்குமுன் கல்லில் கோடிட்டு அளவு பகுப்பதைக் காட்டச் சொன்னாலோ, பின்னம் குழந்தைகளின் கண்முன் நிற்கும். மீன்விற்கும் தாய் கூடைமீனைக் கூறு வைப்பது வகுத்தற் கணக்கே. எழுத்தறியாதவரும் இவ்வாறு துணைபுரியலாம்.

ஆயினும் பாடத்திட்டம் ஆசிரியர் கையிலேயே இருத்தல் வேண்டும். பணி சிறியதாக, நேரம் அரைமணிக்கு மேற்படாததாக அமைதல் நலம். நோக்கத்தை முன்னரே விளக்கிவிட வேண்டும். தம் பிள்ளையை மட்டும் கவனியாமல் ஒரு குழுவிற்கு உதவுமாறு பெற்றோரை அமர்த்துதல் தகும். அன்றைய கூலி கெடாத பொழுதையே தேர்தல் வேண்டும்.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கைப் பெற்றோர்க்கு அளித்துள்ளது. கூட்டத்தில் கையெழுத்திடுவதோடு அவ்வுரிமை நின்றுவிடலாகாது. தந்தையின் தொழில் பாடமாவதைக் காணும் சிறுவன், பள்ளியைத் தன்னுடையதாகக் கொள்வான். நாளை ஆசிரியராகப் போகிறவர்கள் இதனை நெஞ்சில் இருத்துங்கள்.