சந்திரமுகி 2: பேய் வந்ததும் பயம் போயிடுச்சு

மாத்தூர்ல எங்க வீட்டு டிவியில 'சந்திரமுகி' எப்ப ஓடினாலும் ரிமோட்டை யாரும் தொட மாட்டாங்க. ஜோதிகா கட்டிலைத் தூக்குற காட்சிக்கு அம்மா அடுப்பை சிம்ல வெச்சிட்டு வந்து நிப்பாங்க. முடிவு தெரியும், வசனம்கூட மனப்பாடம். ஆனாலும் உட்காருவோம். 'சந்திரமுகி 2'வைப் போட்டப்போ பாதியிலேயே ஆளாளுக்கு எழுந்து போயிட்டாங்க. ஏன்னு யோசிச்சு எழுதின குறிப்பு இது. இரண்டு படத்தோட கதையையும் சொல்லப்போறேன், பார்க்காதவங்க பார்த்துட்டு வந்து படிங்க.

முதலில் கொஞ்சம் வரலாறு. மது முட்டம் எழுதி ஃபாசில் இயக்கிய 'மணிச்சித்ரத்தாழ்' மலையாளத்தில் 1993-ல் வந்தது. ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்த படம். அதை பி. வாசு 2004-ல் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா'வாக எடுத்தார், 2005 ஏப்ரல் 14 அன்று தமிழில் 'சந்திரமுகி'யாகக் கொண்டுவந்தார். சாந்தி தியேட்டரில் மட்டும் 800 நாளைத் தாண்டி ஓடியது. தமிழில் இரண்டாம் பாகம் வந்தது 2023 செப்டம்பர் 28-ல், அதாவது 18 வருஷம் கழிச்சு. அதே வாசு, அதே வடிவேலு. ரஜினி இடத்தில் ராகவா லாரன்ஸ், சந்திரமுகியாக கங்கனா ரனாவத்.

ரஜினி இல்லாததுதான் குறைன்னு பலர் சொல்றாங்க. எனக்கு அது பாதிக் காரணமாத்தான் படுது.

முதல் படத்தில் பேயே கிடையாது. இருப்பது ஒரு பழைய கதை, ஒரு பூட்டிய அறை, அந்தக் கதையில் மூழ்கிப்போன ஒரு பெண். கங்காவுக்கு வந்தது மனநோய். நம்மை உலுக்குவது அவ பேசுற மொழி. பழகின வாயிலிருந்து திடீர்னு தெலுங்கு வரும். மலையாளத்தில் நாகவல்லி தஞ்சாவூர்க்காரி, அதனால் அங்கே வந்த 'வேற மொழி' நம்ம தமிழ். இந்தி 'பூல் புலையா'வில் அது வங்காளம். வீட்டுக்குள்ள இருக்கிற ஆளே அந்நியமாகிறதுதான் பயம்.

அதைவிட முக்கியமானது தீர்வு. மந்திரவாதியும் டாக்டரும் சேர்ந்தே ஒரு நாடகம் போடுறாங்க. ஆளுக்குப் பதில் பொம்மையை வைத்து, அவ நினைத்த பழிவாங்கலை முடிக்க விடுறாங்க. அவளை அடிக்கலை, கட்டிப் போடலை. அவ நம்புறதை மதிச்சு, அதன் வழியாவே வெளியே கூட்டிட்டு வர்றாங்க.

இந்தத் தீர்வின் அருமை புரிய 2001 ஆகஸ்ட் 6-ஐ நினைக்கணும். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலம் குன்றியவர்களை வைத்திருந்த ஒரு இல்லத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தாங்க. சங்கிலியால் கட்டியிருந்ததால் அவங்களால தப்பிச்சு ஓட முடியலை. அது நடந்து நாலு வருஷத்துக்குள்ள, 'இது பேய் இல்லை, நோய். குணமாகும்'னு ரஜினி படம் சொன்னது. நிஜ வைத்தியம் அப்படி ஒரே ராத்திரியில் முடியாதுதான். ஆனா எத்தனையோ வீட்டில் அந்தப் பேச்சு முதல்முறையா வந்தது அப்போதான்.

இரண்டாம் பாகம் இதைத்தான் கைவிட்டது. அதில் சந்திரமுகியின் ஆவி நிஜமாவே வருது. ஆவி வந்துட்டா நோயாளி என்று யாரும் இல்லை. புரிஞ்சுக்க ஒன்றும் இல்லை, விரட்டினால் போதும். வாசு 2010-லேயே கன்னட 'ஆப்தரக்ஷகா'வில் இந்த வழியில் ஒரு அடி வைத்துவிட்டார். அதில் பழைய ராஜா நூறு வயசு தாண்டியும் உயிரோட இருப்பார்.

தாமதமா வர்ற இரண்டாம் பாகம் எல்லாமே இப்படித்தான் ஆகணும்னு இல்லை. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' 1960-ல் வந்தது. 'சைக்கோ 2' வந்தது 1983-ல், 23 வருஷம் கழிச்சு. இயக்குநர் வேற, ஆனா அதே ஆண்டனி பெர்கின்ஸ். நார்மன் மருத்துவமனையிலிருந்து குணமாகித் திரும்புறான். அவனுக்கு மறுபடி பைத்தியம் பிடிக்குதா, இல்லை யாராவது பிடிக்க வைக்கிறாங்களா? படம் முழுக்க இந்தக் கேள்விதான். கொலைகாரன் மேலயே நமக்கு இரக்கம் வந்துடும்.

நமக்கும் அந்த வழி இருந்தது. குணமான கங்கா 18 வருஷம் கழிச்சு எப்படி இருப்பா? வீட்டில் ஒரு தட்டு கீழே விழுந்தா செந்தில் அவளை எப்படித் திரும்பிப் பார்ப்பான்? அந்த ஒரு பார்வை போதும், அம்மா அடுப்பை மறுபடி சிம்ல வெச்சிருப்பாங்க.