உங்களுக்குத் தெரியுமா? காந்திக்கும் வாய் அடைத்தது!

பாரிஸ்டர் பட்டத்தோடு லண்டனிலிருந்து திரும்பிய காந்தி, பம்பாய் ஸ்மால் காஸ் கோர்ட்டில் முதல் வழக்குக்காக எழுந்தார். குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். தலை சுற்றியது, கேட்க ஒரு கேள்வியும் வரவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார். 30 ரூபாய் ஃபீஸைத் திருப்பித் தருவதாகவும் வேறு வக்கீலை வைத்துக்கொள்ளும்படியும் சொல்லிவிட்டு வெளியேறினார். லண்டனிலும் இதே கதைதான். சைவ உணவுச் சங்கக் கூட்டத்துக்கு அவர் எழுதிக்கொண்டுபோனதை இன்னொருவர்தான் படித்தார். எல்லாம் ‘சத்திய சோதனை’யில் அவரே ஒளிக்காமல் எழுதியது.

ஆனால், 1893இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் இந்திய வணிகர்களிடம், வியாபாரத்தில் உண்மை வேண்டும் என்று பேசினார். தன் முதல் பொதுப்பேச்சு என்று அவர் சொல்வது அதைத்தான். சொல்லியே ஆகவேண்டிய விஷயம் இருந்தது, பேச்சும் வந்தது.

காந்திக்கு மட்டுமல்ல, பலருக்கும் கூட்டத்தைப் பார்த்ததும் உடலில் அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கும், வாய் உலரும். காந்தியின் அந்தப் பேச்சுக்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து, 1993இல், ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு மன அழுத்தச் சோதனையை வெளியிட்டார்கள். ஆளைப் பதறவைக்க அவர்கள் கண்ட வழி: நடுவர்கள் முன் 5 நிமிடப் பேச்சு, கூடவே மனக்கணக்கு!

ஆனால், நம் படபடப்பு நாம் நினைக்கிற அளவுக்கு வெளியே தெரிவதில்லை. அமெரிக்க உளவியலாளர்கள் சவிட்ஸ்கியும் கிலோவிச்சும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், இதை முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். மைக் முன் போகுமுன் நீங்களும் இதை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வரியையாவது வாய்விட்டுச் சொல்லிப் பழகிவிட்டுப் போங்கள்.